பூட்டில் விடப்பட்ட திறப்பு

பாரிசின் புறநகரொன்றில் வாழும் தாயொருவர் சென்ற மாதம் எம்முடன் தொலைபேசியில் உரையாடினார். இப்பகுதியைத் தவறாது வாசிப்பவர். அவருடைய மூத்த மகன் அபுதாபியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகின்றார். மூன்று கிழமை விடுப்பில் தாயைக் காண வந்திருந்த மகன், ஒருநாட் காலை குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். திரையில் தாங்கிகளும் குழாய்களும் பம்பிகளும் படமாகத் தெரிந்தன. பச்சையாயிருந்த பம்பியொன்று திடீரெனச் சிவப்பாயிற்று. மகன் உடனே ஆலைக்குத் தொலைபேசி எடுத்தார். சிறிது நேரத்தில் அதன் அருகேயிருந்த வேறொரு பம்பி பச்சையாயிற்று. ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் அலுவல் முடிந்துவிட்டதெனத் தாயார் வியந்து கூறினார். பின்னர் அவர் கேட்ட கேள்விதான் இவ்வாரம் எம்மை எழுத வைத்தது.

"ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால நடக்கிறது இஞ்ச இருந்தே தெரியுதெண்டால், அவன் ஏன் தம்பி அந்த வெய்யிலுக்குள்ள கிடக்கவேணும்? எங்களோட இருந்து பாக்கலாம்தானே?"

நாம் உடனே விடை கூறவில்லை. விளங்கியவர்களிடம் கேட்டு எழுதுவதாகக் கூறினோம். ஏனெனில் இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. ஒரு பிள்ளை ஐரோப்பாவிலும் ஒரு பிள்ளை கனடாவிலும் மற்றொரு பிள்ளை வளைகுடாவிலுமாகச் சிதறியுள்ள குடும்பங்கள் எம் வாசகர்களிடையே பல. வளைகுடா நாடுகள் ஆறும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையாதவை. அங்கு வாழும் எம்மவருட் பெரும்பாலோர்க்குத் தொழில் ஒப்பந்தம் உள்ளவரைதான் வதிவிட உரிமை. ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் முடிந்தது. ஆகவே அங்குள்ள தொழில் எவ்வாறு மாறுகின்றது என்பது, அவர் எவ்வளவு உழைப்பார் என்பதை மட்டுமன்றி, எந்த மண்ணில் நிற்பார் என்பதையும் தீர்மானிக்கின்றது.

முதலில், மகன் திரையிற் கண்டது என்ன என்பதை விளங்கிக்கொள்வோம்.

வளைகுடா நாடுகளில் வற்றாத ஆறுகள் இல்லை. குவைத்தின் குடிநீரில் ஏறக்குறைய 90 வீதம் கடலிலிருந்து பெறப்படுகின்றது. டுபாயின் ஜெபல் அலியில் அமைந்துள்ள மின், நீர் நிலையத் தொகுதி 9,500 மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்னையும், நாளொன்றுக்கு 49 கோடி இங்கிலாந்துக் கலன் நன்னீரையும் உற்பத்தி செய்யவல்லது. கடல்நீரை நீராவியாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை. மிகுந்த அமுக்கத்தில் மெல்லிய சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரிப்பது மற்றொரு முறை. எம்முறையாயினும் பம்பிகளும் வால்வுகளும் இரவு பகல் ஓயாது இயங்கவேண்டும். அவை நின்றால் சில நாட்களுக்குள் நகரம் தாகத்தால் தவிக்கும்.

முன்னைய காலத்தில் ஆலைப் பணியாளர் கையிற் குறிப்பேட்டுடன் ஒவ்வோர் இயந்திரமாகச் சென்று, அமுக்கமானியையும் வெப்பமானியையும் பார்த்து எழுதுவர். 1960களின் இறுதியில் அமெரிக்காவில், நிரலின்படி இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிப் பெட்டிகள் தோன்றின. பி.எல்.சி. என்ற பெயரால் தொழிற்சாலைப் பணியாளர் யாவரும் அறிந்தவை அவை. குழாயில் பொருத்திய உணரி அமுக்கத்தை அளந்து, அதனை மின்னோட்டமாக மாற்றி இப்பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதனை எண்ணாக்கிக் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்குக் கொடுக்கும். அறையிலிருப்பவர் திரையில் அமுக்கத்தைக் காண்பார். வேண்டுமாயின் திரையிலுள்ள பொத்தானைத் தொட்டுப் பம்பியை நிறுத்துவார், இயக்குவார்.

இத்திரை கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேறி, பாரிசிலுள்ள குசினி மேசைக்கு வந்த கதை ஜெனீவாவில் தொடங்குகின்றது. அங்குள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் 1989 ஆம் ஆண்டு ரிம் பேர்ணேஸ்-லீ என்பவர் முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993 ஏப்பிரல் 30 ஆம் நாள் அந்நிறுவனம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேடிக்கையான ஒரு காரியம் நடந்தது. கணினி ஆய்வாளர்கள் பல மாடிகள் இறங்கிச் சென்று பார்த்தால் கோப்பிக் குடுவை வெறுமையாயிருக்கும். ஆகவே 1991 இலேயே குடுவைக்கு முன்னால் ஒரு கமராவைப் பொருத்தி, தத்தம் மேசைக் கணினியில் அதன் படத்தைப் பார்க்க வழிசெய்திருந்தனர். 1993 இல் அப்படம் வலையில் இணைக்கப்பட்டது. உலகின் எந்த மூலையிலிருந்தும், உலாவி எனப்படும் மென்பொருள் உள்ள எவரும், கேம்பிறிட்ஜில் கோப்பி இருக்கின்றதா என்பதை அறியலாயிற்று. 2001 இல் அக்கமரா நிறுத்தப்படும்வரை இது தொடர்ந்தது.

கோப்பிக் குடுவைக்குப் பொருந்தியது கொதிகலனுக்கும் பொருந்தும். முன்பு ஆலைத் திரையைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு கணினியிலும் விலையுயர்ந்த தனி மென்பொருளை நிறுவவேண்டியிருந்தது. உலாவியோ எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது. 1990களின் பிற்பகுதி முதல் கருவி உற்பத்தியாளர்கள் உலாவியில் தோன்றும் திரைகளை விற்கத் தொடங்கினர். தொடக்கத்தில் ஜாவா, அக்ரிவ்-எக்ஸ், பிளாஷ் என்ற துணைப்பொருட்களின் உதவியோடுதான் அவை இயங்கின. துணைப்பொருள் வேண்டாத எச்.ரி.எம்.எல். 5 என்ற நியமம் 2014 இல் நிறைவுற்றது. பிளாஷ் 2020 இறுதியிலும், இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 11 என்ற பழைய உலாவி 2022 ஜூனிலும் உற்பத்தியாளரின் ஆதரவை இழந்தன. ஆலையின் இயந்திரமோ இருபத்தைந்து, முப்பது ஆண்டு உழைப்பது. காலாவதியான உலாவியொன்றை நம்பி இயங்கும் கணினியொன்று ஆலையின் மூலையில் இன்னும் இருக்குமாயின், தாழ்ப்பாள் கழன்ற கதவுக்கு அது ஒப்பாகும்.

இம்மாற்றம் வளைகுடாப் பணியாளனுக்கு நன்மை தந்ததா? தந்தது என்றே கூறவேண்டும். அங்கு கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் நேர்வெயிலில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. மானியைப் பார்த்து எழுதுவதற்காக மட்டும் அந்த வெயிலில் ஒருவன் நடக்கவேண்டியதில்லை என்பது சிறிய ஆறுதலன்று. அபுதாபியின் தெற்கே பாலைவனத்தில் 2015 இல் உற்பத்தி தொடங்கிய ஷா எரிவாயு வயலில், கிணற்றிலிருந்து வரும் வாயுவின் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு. காற்றில் ஆயிரத்திலொரு பங்கு கலந்தாலே சில மூச்சுக்களில் உயிரைப் பறிக்கவல்லது அது. அத்தகைய இடத்தில் தொலைவிலிருந்து பார்க்கும் வசதி உயிர்காப்பாகும். அபுதாபி தேசிய எண்ணெய்க் கம்பனி 2017 இல் தன் தலைமையகத்தில் 'பனோரமா' என்ற பெயரில் ஒரு கண்காணிப்பு மையத்தைத் திறந்தது. தன் துணை நிறுவனங்களின் ஆலை விபரங்கள் அங்குள்ள நெடுந்திரையில் உடனுக்குடன் தோன்றுகின்றன. எரிவாயுச் சுழலிகளை உற்பத்தி செய்யும் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம், உலகெங்கும் தான் விற்ற சுழலிகளை அமெரிக்காவின் அற்லாண்டா நகரிலிருந்து கண்காணித்துவந்ததும் யாவரும் அறிந்ததே.

அவ்வாறாயின் அத்தாயாரின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கின்றது. பார்ப்பவர் தொலைவில் இருக்கலாம், இருக்கின்றார்கள். மற்றப் பாதிதான் நாம் கவனிக்கவேண்டியது.

வாசகர்களே, தொலைவிலிருந்து அறிவது என்பதில் எமக்கு உள்ள அனுபவம் வேறெவர்க்கும் குறைந்ததன்று. ஊரிலிருந்து கடிதம் வர ஒரு மாதமும் இரண்டு மாதமும் எடுத்த காலம் எமக்கு மறந்துவிடவில்லை. 'நாங்கள் எல்லோரும் நலம்' என்ற வரியை வாசித்தவுடன் நாம் முதலிற் பார்த்தது மேல்மூலையில் இட்ட திகதியை. அந்த நாளில் நலம். அதன் பின்னர் என்ன நடந்தது என்பதைக் கடிதம் சொல்லாது. உலாவித் திரையும் அத்தகைய கடிதமே. ஆலைக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோனால், சரியாக வடிவமைக்கப்படாத திரை கடைசியாகப் பெற்ற எண்ணையே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். பம்பி பச்சை, அமுக்கம் 60, யாவும் நலம். உண்மையில் பம்பி நின்று கால்மணி நேரம் ஆகியிருக்கலாம்.

பழைய பொறியியலாளர் இவ்வாபத்தை நன்கறிந்திருந்தனர். உணரியிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு அவர்கள் வகுத்த அளவு 4 முதல் 20 மில்லியம்பியர். அமுக்கம் சூனியமாயினும் 4 மில்லியம்பியர் ஓடும். ஏன் சூனியத்திலிருந்து தொடங்கவில்லை? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சூனியமாகும். அப்பொழுது 'அமுக்கம் இல்லை' என்பதும் 'செய்தியே இல்லை' என்பதும் வேறுவேறாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே. நல்ல உலாவித் திரையிலும் இவ்வேற்பாடு இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே அது வந்த நேரம் காட்டப்படும். தொடர்பு அறுந்ததும் எண் சாம்பல் நிறமாக மங்கும். திகதியில்லாத கடிதத்தை நம்பக்கூடாது என்று எம் பெற்றோர் அறிந்ததுபோல, நேரமில்லாத எண்ணை நம்பக்கூடாது என்று எம் பிள்ளைகள் அறியவேண்டும்.

திரை பழைய செய்தியைக் காட்டுவது மட்டுமன்று, பொய்யுரைக்கவும் கூடும். ஈரானின் நற்றான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கிய ஸ்ரக்ஸ்நெற் என்ற கணினிப் புழு 2010 இல் வெளிச்சத்துக்கு வந்தது. அது சுழற்சி இயந்திரங்களைத் தாறுமாறாக இயக்கிப் பழுதாக்கியவேளையில், கட்டுப்பாட்டு அறையிலிருந்தோர்க்குத் திரையில் எல்லாம் வழமைபோலவே தெரிந்தன.

இது பார்ப்பதில் உள்ள ஆபத்து. தொலைவிலிருந்து கையை நீட்டித் தொடுவதில் உள்ள ஆபத்து இதனினும் பெரிது. 2017 இல் சவூதி அரேபியாவில் நடந்ததை இங்கு சற்று விரிவாகக் கூறுவது பொருத்தம்.

அந்நாட்டின் பெற்றோலிய வேதிப்பொருள் ஆலையொன்றில், 'திரைக்கோனெக்ஸ்' என்ற பாதுகாப்புக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. இது அன்றாட வேலையைக் கட்டுப்படுத்தும் கருவியன்று. அமுக்கமோ வெப்பமோ எல்லை மீறினால், வேறெவரையும் கேளாது ஆலையை நிறுத்தும் கடைசிக் காவலன். அதனுள் மூன்று மூளைகள் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்யும். ஒன்று பிறழ்ந்தாலும் மற்ற இரண்டின் முடிவு ஏற்கப்படும். 2017 ஜூனில் அவ்வாலை திடீரென நின்றது. ஏதோ கருவிப் பழுதெனக் கருதி மீண்டும் இயக்கினார்கள். ஓகஸ்ற்றில் மறுபடியும் நின்றது. ஆராய்ந்தபொழுது, அயலார் எவரோ ஆலையின் வலையமைப்பினுள் நுழைந்து, பொறியியலாளரின் கணினி வழியாகக் கடைசிக் காவலனின் நிரலையே மாற்ற முயன்றமை தெரியவந்தது. மாற்ற முயன்றவேளையில் மூளைகளுக்கிடையே ஒப்புநோக்கும் சோதனை தவறியதால், கருவி தன் கடமைப்படி ஆலையை நிறுத்திவிட்டது. அந்தத் தவறு நேராதிருப்பின், காவலன் விழித்திருப்பதுபோல் தோன்றி உறங்கியிருப்பான். நச்சுவாயு கசிந்தாலும் வெடிப்பு நேர்ந்தாலும் தடுக்க எதுவும் இருந்திராது.

'திரைரன்' எனப் பெயரிடப்பட்ட இத்தாக்குதல் 2017 டிசெம்பரில் பகிரங்கமாயிற்று. 2020 ஒக்ரோபரில் அமெரிக்கத் திறைசேரி இதன் தொடர்பில் ரஷ்ய அரச ஆய்வு நிலையமொன்றின்மீது தடை விதித்தது. 2022 மார்ச்சில் அந்நிலையத்துடன் தொடர்புடைய ஒருவர்மீதான குற்றப்பத்திரம் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது.

இக்கதையில் எம்மை நிறுத்தி வைத்த சிறிய விடயம் ஒன்று உண்டு. அக்கருவியின் முகப்பில் ஒரு பூட்டும் அதற்கொரு திறப்பும் இருக்கின்றன. வீட்டுக் கதவுத் திறப்பைப்போன்ற சாதாரணத் திறப்பு. அதனை 'இயக்கம்' என்ற நிலையில் திருப்பி எடுத்து வைத்துவிட்டால், கருவி தன் வேலையைச் செய்யும். நிரலை வெளியிலிருந்து மாற்ற இடங்கொடாது. 'நிரலாக்கம்' என்ற நிலையில் திருப்பினால் மாற்றலாம். பொறியியலாளர் மாற்றவேண்டியதை மாற்றியபின் திறப்பை மீண்டும் 'இயக்கம்' நிலைக்குத் திருப்பவேண்டும் என்பது விதி. அவ்வாலையில் அத்திறப்பு 'நிரலாக்கம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது. மூன்று மூளை படைத்த கருவியைக் காக்கவேண்டியிருந்தது, ஒரு மனிதன் எழுந்து சென்று கையால் ஒரு திறப்பைத் திருப்புவது மட்டுமே. அதற்கு ஆலையில் ஒருவர் நிற்கவேண்டும். அவருக்கு அது தன் கடமையென்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

இதற்கு ஐந்தாண்டு முன்னர், 2012 ஓகஸ்ற் 15 அன்று, நோன்பு மாத விடுமுறையில் பலர் வேலைக்கு வராத நாளில், சவூதி அரம்கோ நிறுவனத்தின் ஏறத்தாழ 30,000 கணினிகள் 'ஷமூன்' என்ற நச்சுநிரலால் அழிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் கட்டாரின் ராஸ்காஸ் நிறுவனமும் தாக்கப்பட்டது. அலுவலக வேலைகள் முடங்கின. ஆனால் எண்ணெய் உற்பத்தி நிற்கவில்லை. அரம்கோவில் அலுவலக வலையமைப்பும் ஆலை வலையமைப்பும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டிருந்தமையே காரணம். உலாவியில் ஆலையைப் பார்க்க விரும்புவோர் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வாசலைத் திறக்கின்றனர். வாசல் வேண்டாமென நாம் கூறவில்லை. வாசலுக்குக் காவல் வேண்டும் என்கிறோம்.

காவலற்ற வாசலின் கதை அண்மையதும் உண்டு. 2023 நவெம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அலிகுவிப்பா என்ற சிற்றூரின் நீரேற்று நிலையத்தில், யூனிற்றோனிக்ஸ் என்ற உற்பத்தியாளரின் திரையுடன் கூடிய கட்டுப்பாட்டுக் கருவி அயலார் வசமாயிற்று. திரையில் அவர்களது அரசியல் வாசகம் தோன்றியது. அக்காலத்தில் தாக்கப்பட்ட இவ்வகைக் கருவிகள் இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்தவை. வாங்கியபோது இருந்த 1111 என்ற கடவுச்சொல்லுங்கூடப் பலவற்றில் மாற்றப்படவில்லை. ஆயினும் அவ்வூரில் குடிநீர் தடைப்படவில்லை. பணியாளர்கள் நிலையத்துக்குச் சென்று, கருவியை விலக்கி, பம்பியைக் கையால் இயக்கினர். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் மட்டுமே ஆட்கள் இருந்திருப்பின், யார் சென்று இயக்குவது?

வளைகுடாவில் இத்தொழிலில் இருக்கும் எம் பிள்ளைகளுக்கு, இத்துறையினரிடம் கேட்டறிந்த சிலவற்றை இங்கே கூற விரும்புகின்றோம். இவ்விதழை வாசிக்கும் பெற்றோர் அவர்களுடன் பேசும்பொழுது எடுத்துக் கூறலாம்.

முதலாவது, பார்க்கும் உரிமையும் இயக்கும் உரிமையும் வேறுவேறு. விடுப்பில் இருப்பவருக்குப் பார்க்கும் உரிமை போதும். பாரிசில் இருந்த மகன் திரையிலிருந்து பம்பியை இயக்காது ஆலைக்குத் தொலைபேசி எடுத்தார் என்பதை நினைவிற் கொள்க. அவர் சோம்பலால் அவ்வாறு செய்யவில்லை. அவருக்கு வழங்கப்பட்டது பார்க்கும் உரிமை மட்டுமே, அதுவே முறை.

இரண்டாவது, ஒருவன் பம்பியைக் கழற்றித் திருத்தும்பொழுது, அதன் மின் ஆளியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். தன் பெயரெழுதிய அட்டையையும் தொங்கவிடவேண்டும். இது கணினிக்கு முந்திய விதி. உலாவி வந்தபின் இதன் பெறுமதி பன்மடங்காயிற்று. முன்பு பொத்தானை அழுத்துபவனுக்கு, இயந்திரத்துக்குள் கைவைத்திருப்பவனின் குரலாவது கேட்கும். இன்று அழுத்துபவன் வேறு நகரில் இருக்கலாம். திரையில் வந்த சிவப்பு நிறம் மட்டுமே அவனுக்குத் தெரியும். அதன் அருகே குனிந்திருக்கும் மனிதன் தெரியமாட்டான். இந்தப் பூட்டுக்காக அரைமணி நேரம் வேலை தாமதமானாலும், மேலதிகாரி முகம் சுளித்தாலும், விட்டுக்கொடுக்கலாகாது.

மூன்றாவது, கடவுச்சொல்லை இரவல் கொடுக்கக்கூடாது. பல ஆலைகளில் ஒரே கடவுச்சொல்லை ஒரு குழுவே பயன்படுத்தும் வழக்கம் இருக்கின்றது. நள்ளிரவில் ஒரு வால்வு தவறாகத் திறக்கப்பட்டால், பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கின்றதோ அவரே விடை கூறவேண்டும். ஒப்பந்தத்தையும் வதிவிட அனுமதியையும் ஒருங்கே இழக்கக்கூடிய எம்மவருக்கு இது வெறும் ஒழுங்குமுறையன்று. வாசித்து விளங்காத படிவத்தில் ஒப்பமிட்டு அதன் பயனை ஆண்டுக்கணக்கில் அனுபவித்தவர்கள் எம்மிற் பலர் உள்ளனர். கடவுச்சொல்லும் ஒப்பமே.

நான்காவது, விருந்தினர் விடுதியிலோ விமான நிலையத்திலோ கிடைக்கும் பொது இணையத்தின் வழியாக ஆலைத் திரையைத் திறக்கலாகாது. நிறுவனம் அமைத்துத் தந்த மறைகுறியிட்ட பாதை வழியாக, நிறுவனம் தந்த கணினியிலேயே திறக்கவேண்டும். கைத்தொலைபேசியில் படமெடுத்து நண்பர்க்குக் காட்டுவதும் ஆபத்தே. நீங்கள் பெருமையோடு காட்டும் திரையில், அந்நியன் தேடும் கருவியின் பெயரும் இலக்கமும் இருக்கலாம்.

இனி இளைஞர்களுக்கு ஒரு சொல். தொலைவிலிருந்து பார்க்கும் வசதி பெருகப் பெருக, மானியைப் பார்த்து எழுதும் வேலை குறையும். அவ்வேலையை நம்பி வளைகுடாவுக்குச் சென்றவர்களுக்கு இது கசப்பான செய்தி. அதனை மறைத்துப் பயனில்லை. எனினும் உணரியைப் பொருத்தவும், பெட்டியில் நிரல் எழுதவும், திரையை வரையவும், வலையமைப்பைக் காக்கவும் ஆட்கள் வேண்டும். சுவிற்சர்லாந்தில் தானியக்கத் தொழிலுக்கு நான்காண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. ஜேர்மனியில் தானியக்க மின்னணுத் தொழிலுக்கு மூன்றரை ஆண்டு. பல்கலைக்கழகம் புகாத பிள்ளையின் வாழ்வு வீணாயிற்று எனக் கலங்கும் பெற்றோர் எம்மிடையே உள்ளனர். அவர்கள் இப்பயிற்சிகளைப் பற்றி விசாரித்துப் பார்ப்பது நன்று. 1979 இல் வகுக்கப்பட்ட மொட்பஸ் என்ற தொடர்பாடல் முறை, கட்டளையிடுபவர் யாரென்று கேளாமலே கட்டளையை நிறைவேற்றும் இயல்புடையது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் உலகின் எண்ணற்ற ஆலைகளில் அது இயங்குகின்றது. அவ்வளவு பழையவற்றையும் இன்றைய உலாவியையும் ஒருங்கே அறிந்தவர்க்கு வேலை குறையாது.

மேற்கூறியவற்றைச் சுருக்கி, அத்தாயாரிடம் சென்ற ஞாயிறன்று தொலைபேசியிற் கூறினோம். அம்மா, உங்கள் மகன் இங்கிருந்து பார்க்கலாம். ஆனால் அங்கே திறப்பைத் திருப்புவதற்கும், பூட்டைப் போடுவதற்கும், திரை பொய் சொன்னால் நேரிற் சென்று பார்ப்பதற்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் வேலைக்குத்தான் அவர் சம்பளம் பெறுகின்றார் என்றோம். சவூதி ஆலையின் திறப்பைப் பற்றியும் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப அந்தத் திறப்பு இவன்ர இடத்தில ஆற்ற கையில இருக்கு?" என்று கேட்டார்.

எமக்குத் தெரியாது, மகனிடமே கேளுங்கள் என்றோம்.

கேட்டிருக்கின்றார். புதன்கிழமை எம்மை மீண்டும் அழைத்தார். தாயின் வாயிலிருந்து அப்படியொரு கேள்வி வருமென எதிர்பாராத மகன் முதலிற் சிரித்தாராம். அடுத்த நாள், பணி மாறும் நேரத்தில், தம் ஆலையின் பாதுகாப்புக் கருவிகள் இருக்கும் அறைக்குச் சென்று ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். எல்லாம் 'இயக்கம்' நிலையிலேயே இருந்தன. ஒன்றில் மட்டும் திறப்பை எடுக்காமல் பூட்டிலேயே விட்டிருந்தார்கள். அதனை எடுத்து, பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளரிடம் ஒப்படைத்ததாகத் தாயாருக்கு அறிவித்திருக்கின்றார்.